சின்னவள் வாசப்படி தாண்டின விதம்

இதை எழுத உட்கார்ந்து, பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனது எத்தனை வருஷமோ. என் வீட்டுக்காரரின் அக்கா உயிரோடு இருந்தவரை மனம் வரவில்லை. அவர் போன பிறகும், செத்தவர்களைப் பற்றி எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் எங்கள் சபையில் இன்னமும் யாராவது எழுந்து நின்று, நடக்காத பிள்ளை ஜெபத்தால் நடந்தது என்று என் சின்ன மகளைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எட்டாவது வரைதான் படித்தேன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூரில் இருந்தோம். வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை, சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு முடி உரிப்பது. எனக்கு ரெட்டைப் பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். பெரியவள் வந்ததும் வீறிட்டு அழுதாள். சின்னவள் நீலம் பாரித்து வந்து, வெகுநேரம் கழித்துத்தான் மூச்சு விட்டாள். இவளுக்கு எல்லாம் லேட்டாத்தான் வரும், ஆனா வரும், தினம் காலை மடக்கி நீட்டி விடு என்று ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லி அனுப்பினார். அந்த ‘வரும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் இல்லாமல் எங்களோடு இருந்தார். அவர் சொன்னதுதான் வீட்டில் சட்டம். பெரியவள் குப்புற விழுந்த அன்று கொழுக்கட்டை செய்து தெரு முழுக்கக் கொடுத்தார். சின்னவள் குப்புற விழ ரொம்ப நாள் ஆனது. விழுந்த அன்று நான் ஆசையாக அரிசி ஊறவைத்தேன்.

“ஒரு வயித்துல வந்ததுக்கு ஒரு தடவ செஞ்சா போதும்டி” என்று அண்ணி அந்த அரிசியை வடித்து இட்லிக்குப் போட்டுவிட்டார்.

பெரியவள் தவழ்ந்து வாசப்படி தாண்டினதற்குப் பொரியும் வெல்லமும் கொடுத்தோம். சின்னவள் தலையணையில் சாய்ந்தபடி எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவள் நடந்தாள், ஓடினாள். சின்னவளுக்கு நொண்டி என்று பெயர் விழுந்தது. நொண்டிக்குக் கஞ்சி குடுத்தியா, நொண்டியத் தூக்கி அந்தாண்ட வை என்றுதான் வீட்டில் பேச்சு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை என்னைத் தவிர யாரும் சொல்லவில்லை.

ஈர மணலில் இடுப்பு வரை புதைத்து நிறுத்தினால் பிள்ளை கால் ஊன்றும் என்பது எங்கள் பக்கத்துக் கைவைத்தியம். அந்தக் கோடையில் ஒருநாள் நான் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன், இவளுக்காக ஜெபிக்கச் சொல்லத்தான். அண்ணி இரண்டு பிள்ளைகளையும் பாலாற்றுக்குக் கொண்டுபோய்விட்டார். கோடையில் பாலாற்றில் ஈரம் ஏது? ஷாப்புத் தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் மட்டும்தான். சுண்ணாம்பும் உப்பும் ஊறின மணல். அதில் குழி பறித்துச் சின்னவளை இறக்கி, சுற்றிலும் மணலை மிதித்து இறுக்கிவிட்டார். பிள்ளை கத்தினாளாம். கத்தட்டும், காலுக்கு உணர்ச்சி வருது என்று அண்ணி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பெரியவள் குழியைச் சுற்றிச் சுற்றி ஓடினாளாம். இதையெல்லாம் அவரே சொன்னார், பெருமையாக.

நான் வீடு திரும்பி, பிள்ளை மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கினேன். இடுப்புக்குக் கீழே வெந்து சிவந்திருந்தது. தொட்ட இடத்தில் தோல் கையோடு வந்தது.

“இன்னா அண்ணி இது” என்றேன்.

“தோல் உரிஞ்சா இன்னா இப்போ? உன் புருசன் தெனம் பண்ற வேலதான. உரிச்சாதான் சரக்கு நல்லா வரும்.”

வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பிறகுதான் பிள்ளையின் காலைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு அக்கா போட்ட சோற்றுக்கு உட்கார்ந்தார்.

புண் ஆறுவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அப்போதுதான் பெரியவளுக்குப் பேச்சு வந்தது. அம்மா என்பாள் என்று காத்திருந்தேன். பாயில் கிடந்தவளுக்கு நேராக விரலை நீட்டி, “நொண்டி” என்றாள். அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் வாயில் சர்க்கரை போட்டார். அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அவளைச் சொல்லவைத்துச் சர்க்கரை கொடுப்பார். சின்னவள் பாயில் கிடந்தபடி அதையும் பார்த்தாள்.

அடுத்த வருஷம், நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், சின்னவள் கதவு நிலையைப் பிடித்து எழுந்தாள். இடது காலை இழுத்து வாசப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தாள், விழுந்தாள். மறுபடி எழுந்து தாண்டினாள். முறத்தைப் போட்டுவிட்டு முழங்காலில் நின்று அழுதேன்.

செய்தி கேட்டு ஞாயிறு சாயங்காலம் போதகர் ஐயா சபையாரோடு வந்தார். ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அண்ணி இந்தத் தடவை பொரி வெல்லம் வைத்தார். ஜெபம் முடிந்து ஐயா குனிந்து, “பாப்பா, உன் பேர் இன்னா?” என்று கேட்டார்.

அதுவரை சின்னவள் ஒரு சொல்லும் பேசினதில்லை. கையை நெஞ்சில் வைத்து, தெளிவாக, “நொண்டி” என்றாள். சொல்லிவிட்டுச் சர்க்கரைக்காக வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். அண்ணி உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்து வந்து போட்டார். நான் ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

அவளை நடக்கவைத்தது கர்த்தர்தான். தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் சாட்சி சொல்கிறவர்களே, நடந்தாள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மணலையும் சொல்லுங்கள், சர்க்கரையையும் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நடந்தது நடந்தபடியே அடுத்தவர் காதில் போடுங்கள்.