மகாலிங்கம் போட்ட சுழி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்க் காபி போட்டுக்கொள்கிற ஆள் நான். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் காரணம் இல்லாமல் நடந்த ஒரே விஷயம் மகாலிங்கத்துக்குக் கிடைத்த பெயர்தான். சிரிப்பதென்றால் சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு விதைநெல் சங்கத்தில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். கம்ப்யூட்டர் வந்தபோது எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று நாற்பது பக்கக் கையேடு எழுதியவன் நான். அதைப் படித்து வேலை செய்தவன் அவன். பெயர் அவனுக்கு. கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் முன் பிள்ளையார் சுழியாக # u என்று ஒரு வரி போடுவான். முதலில் # இருந்தால் அந்த வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாதே, எதற்கய்யா என்று கேட்டேன். "மெஷினுக்கு இல்லைங்க, எனக்கு" என்றான். இப்படிப் பேசியே பெயர் வாங்கினான். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டான். சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்.

இந்த ஆவணியில் சங்கச் செயலாளர் தமிழ்ச்செல்வி போன் செய்தார். "டேட்டாபேஸ் இருக்கிற டிஸ்க்கு கடகடன்னு சத்தம் போடுது சார். எல்லாத்தையும் புது டிஸ்க்குக்கு மாத்தணும். உங்களை விட்டா ஆள் இல்ல."

எந்த விதை எந்த வயலில் விளைந்தது, என்ன ரகம், எவ்வளவு முளைத்தது, எல்லாம் அதில்தான். அது போனால் சம்பாவுக்கு ஒரு மூட்டை விதை வெளியே போக முடியாது. வாராவாரம் பேக்கப் எடுக்கச் சொல்லி நாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மகாலிங்கம் போனபின் யாரும் எடுக்கவில்லை.

பதினொரு மணிக்குப் போனேன். வாசலில் டிராக்டர்கள். எனக்கு முதுகுப்புறம் தமிழ்ச்செல்வி இன்னொரு கம்ப்யூட்டரில் விதைச் சீட்டுப் பதிந்துகொண்டிருந்தார். நான் உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "மகாலிங்கம் சார் இருந்தா டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருப்பாரு" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் குத்தியது. இன்றைக்கு ஒரு தடவையாவது இவர்கள் வாயில் என் பெயர் வரட்டும் என்று, பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு, கோப்புகளின் தேதியும் உரிமைகளும் மாறாதபடி நகலெடுக்கும் cp கட்டளையை ஒரே மூச்சில் அடித்து என்டரைத் தட்டினேன்.

அரை மணி நேரம் ஓடியது. முடிந்து நான் நிமிர்ந்ததும் பழைய டிஸ்க் ஒரு தடவை முனகி, அடங்கியே போனது. இனி அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது.

அப்போதுதான் உறைத்தது. கையேட்டின் முதல் பக்கம், முதல் விதி, நானே அடிக்கோடிட்டது: நகலெடுக்கும் முன் டேட்டாபேஸை நிறுத்து. ஓடுகிற டேட்டாபேஸின் கோப்புகளை நகலெடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் குழம்பிவிடும், பிறகு திறக்காது. நான் நிறுத்தவில்லை. பின்னால் அந்தம்மா பதிந்துகொண்டே இருந்திருப்பார்.

வேறு வழியில்லாமல் புது இடத்தைக் காட்டி டேட்டாபேஸைத் தொடங்கினேன். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் திறந்தது. ஒரு வரி சேதமில்லை.

"வந்துடுச்சா சார்?" என்றார் தமிழ்ச்செல்வி. "நீங்க ஆரம்பிக்கறப்பவே எனக்கு ஸ்கிரீன் நின்னு போச்சு. நீங்கதான் நிறுத்தியிருக்கீங்கன்னு எல்லாரையும் உக்காரச் சொல்லிட்டேன்."

மேல் அம்புக்குறியை அழுத்தினால் அதற்கு முன் அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். அழுத்தினேன். தொடங்கிய கட்டளை. அதற்கு முன் நான் அடித்த cp. அதற்கும் முன், நான் அடிக்காத ஒன்று: டேட்டாபேஸை நிறுத்தும் கட்டளை. இன்னொரு தடவை அழுத்தினேன்.

# u

நம்பினால் நம்புங்கள். அந்த நாற்காலியில் அன்று என்னைத் தவிர யாரும் உட்காரவில்லை.

தமிழ்ச்செல்வி டீயை வைத்தார், ஆவி பறந்தது. "அப்படியே மகாலிங்கம் சார் கை சார் உங்களுக்கு." வாசலில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். நான் டீயை எடுத்து ஊதினேன். அவன் செய்தான் என்று சொன்னால் பெயர் அவனுக்கு. நான் செய்தேன் என்று சொன்னாலும் அவனுக்குத்தான்.

மறதியில் நானே அடித்திருப்பேன் என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நான் வாழ்நாளில் சுழி போட்டவன் இல்லை, பரீட்சைத் தாளில்கூட. அன்றிலிருந்து மளிகைச் சீட்டு, மின்வாரியத்துக்கு எழுதும் புகார், எதை எழுதி முடித்துப் பார்த்தாலும் தாளின் தலையில் ஒரு சுழி இருக்கிறது. போட்ட ஞாபகம் இல்லை. இந்தத் தாளிலும் இருந்தது. கோடு போட்டு அடித்துவிட்டேன். அடித்ததற்கு மேலே இப்போது இன்னொன்று இருக்கிறது, என் கையெழுத்தைவிட அழகாக.