அபோண்டி வளர்த்த பேய்கள்

மிகோரி ஊருக்குப் பக்கத்துக் குன்றொன்றின் மேல் வட்டமான பழைய கல்மதில் இருக்கிறது. சேறில்லை, சாந்தில்லை, கல்லோடு கல்லைச் செருகியே கட்டியது. லூவோ இனத்தார் அங்கே வந்து குடியேறியபோதே அது ஆளற்றுக் கிடந்தது. கட்டியவர்களின் ஆவிகள் உள்ளே உலவுவதாக ஊர் நம்பியது.

அபோண்டிக்கு அது ரொம்ப வசதி. மீன்பிடிக்கப் போன கணவன் ஏரியோடு போனபின், மதிலுக்குள் போய்த்தான் சாங்கா சாராயம் காய்ச்சினாள். போலீஸ்காரர்கூட எட்டிப் பார்ப்பதில்லை. புகையைப் பற்றி யாராவது கேட்டால், “அவங்க வீட்லயும் சமைக்க வேணாமா?” என்பாள். ஊரின் பயம் குறைவதுபோல் தெரிந்தால் புதுப் பேய் ஒன்றை இறக்குவாள். மூக்கில்லாத மணப்பெண் அப்படி வந்தவள்தான்.

கொழுந்தன் ஓண்டியெக் சர்ச்சில் குடிக்கு எதிராகப் பிரசங்கம் செய்கிறவன். புது வீட்டு அஸ்திவாரத்துக்கு அந்தக் கற்கள்மேல் அவனுக்குக் கண்.

“ஏசு பேரச் சொல்லி வண்டியில ஏத்திருவேன் அண்ணி. பேயாவது பிசாசாவது!”

“போங்க தம்பி. அந்த மூக்கில்லாதவ உங்களத்தான் விசாரிச்சிட்டிருந்தா.”

போனான். சாயங்காலம் மாடுகள் மட்டும் காலி வண்டியோடு திரும்பின. ஊரே திரண்டு மதில்வாசல் வரை வந்தது. அதற்குமேல் ஒருவரும் நகரவில்லை. அபோண்டி தனியாக உள்ளே போனாள். அவன் நாலைந்து கல்லைப் பெயர்த்ததில் அவள் ஒளித்துவைத்திருந்த சாராயப் பானை வெளிப்பட்டிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு ஓண்டியெக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

முகத்தில் தண்ணீரை அடித்து எழுப்பினாள். “வெளிய சனம் நிக்குது. என்ன சொல்லப் போறீங்க?”

அவன் பானையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தள்ளாடிக்கொண்டே வெளியே வந்தான்.

“அடிச்சுப் போட்டுட்டாங்கய்யா!”

“வாயில என்ன நாத்தம்?” என்றார் பாதிரியார்.

“புடிச்சு வெச்சு எதையோ ஊத்தினாங்க!”

“யாரு?”

ஓண்டியெக் அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தான். “ஒருத்திக்கு மூக்கே இல்ல.”

அபோண்டி தோள்துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் அவளைத் தேற்றினார்கள்.

அதன்பின் ஒருவரும் அந்தக் கற்களைத் தொடவில்லை. ஓண்டியெக்கே வாராவாரம் சர்ச்சில் சாட்சி சொன்னான். அவன் சொல்லில் பேய்கள் வாரத்துக்கு வாரம் உயரமாகிக்கொண்டே போயின.

அவன் பெயர்த்த கற்களை, அந்தச் சம்பவத்துக்கு மறுநாளே, அபோண்டி திரும்பச் செருகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் தன் இடத்தில், தன் பக்கமாகத் திருப்பினால்தான் உட்கார்ந்தது. உச்சிவெயிலுக்குள் விரலெல்லாம் நசுங்கிவிட்டது.

“யாரு பெத்த புள்ளைங்களோ, எப்படித்தான் கட்டினீங்க?” என்று மதிலைப் பார்த்துக் கேட்டாள். இந்த முறை அவள் குரலில் விளையாட்டு இல்லை.

கடைசிக் கல் மட்டும் எப்படித் திருப்பியும் அமரவில்லை. அதை மதில்மேல் வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.