நாற்பத்தொன்று மட்டும் பையில் இல்லை

கடுக்காய்க் கன்று ஒன்று முழங்கால் உயரம் வருவதற்குள், அதை ஆராய்கிறவனுக்கு முழங்கால் தேய்ந்துவிடும். என் விஷயத்தில் இரண்டும் நடந்தன. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சரிவில், ஒரே தாய்மரத்தடியில் முளைத்த நூற்றுச்சொச்சம் கன்றுகளை ஏழு வருஷமாகக் குனிந்தும் தவழ்ந்தும் அளந்துகொண்டிருந்தேன். ஒவ்வொன்றின் தண்டிலும் மெல்லிய கம்பியில் ஓர் அலுமினிய வில்லை, வில்லையில் ஓர் எண். மரபணுவைப் பார்க்க ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டு இலை. மழை பொய்த்த கோடைகளில் சில வாடின, சில அசரவேயில்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்குள் ஏன் இந்த வித்தியாசம்? வெயில் கூடிக்கொண்டே போனால் எது இந்த மலையில் நிற்கும்? இதுதான் என் கேள்வி. என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர், செடி எண்ணுகிற வேலை.

சென்ற வருஷம் கள்ளக்குறிச்சியில் ஒரு கூட்டம். மைக் கையில் கிடைத்தால் எனக்கு வாய் நிற்காது. அந்தச் சரிவின் படத்தைத் திரையில் போட்டு, போகும் வழியையும் சொல்லி, இப்படி ஒரு மண்ணை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள் என்று பீற்றிக்கொண்டேன். முன்வரிசையில் ஒரு சேவைச் சங்கத் தலைவர் குறிப்பெடுத்தார். என் பேச்சைக் குறிப்பெடுத்த முதல் மனிதர் என்று மகிழ்ந்தேன்.

இந்த ஜூனில் அவரிடமிருந்து அழைப்பிதழ் வந்தது. பருவநிலை காக்க மரம் நடு விழா, சிறப்பு விருந்தினர் நான். என் படம் பெரிதாக இருந்ததால் மற்றதைப் படிக்கவில்லை.

வேன் நின்ற இடம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாய்மரத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதன் அடியில் ஒன்றுமே இல்லை. முந்தின நாள் கீழேயிருந்து கூலியாட்களை டெம்போவில் ஏற்றி வந்து, முளைத்திருந்ததை எல்லாம் கொத்தி எறிந்து, கயிறு பிடித்து நேர்கோட்டில் குழி வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் தூங்குமூஞ்சிக் கன்றுகள், மேலே என் படம் போட்ட பேனர். மரம் நடுவதற்காக மரத்தைப் பிடுங்கியிருந்தார்கள்.

தலைவர் பொன்னாடையோடு ஓடி வந்தார். "இன்னா சார், அப்பிடியே நின்னுட்டீங்க? ஒரே பொதரா கெடந்துச்சி. கண்ணாடி மாதிரி ஆக்கிட்டோம்ல!"

"இங்கே என் கன்னுங்க இருந்துதே..."

"உங்க நம்பர் வில்லதான? ஒண்ணு வுடாம எட்த்து வெச்சிருக்கோம் சார்."

துணிக்கடைப் பை ஒன்றை நீட்டினார். வில்லைகளைக் கழுவித் துடைத்தே வைத்திருந்தார்கள். ஏழு வருஷமும் உள்ளே பளபளத்தது.

நான் கத்தியிருக்க வேண்டும். பொன்னாடைக்குக் கழுத்தைத்தான் நீட்டினேன். மேடைப் பழக்கம். தானாக முளைத்தால் நம்மிடம் அதற்குப் பெயர் புதர். வேனில் வந்து இறங்கி, பேனருக்குக் கீழே நின்றால்தான் அது மரம். காடு இத்தனை காலமாகச் சிறப்பு விருந்தினர் இல்லாமல் விதைத்துக்கொண்டிருக்கிறது என்பதை யாராலும் மன்னிக்க முடியவில்லை போலிருக்கிறது.

மண்வெட்டியோடு நின்ற கூலிக்கார அம்மா ஒருவர் கிட்டே வந்தார். "சார், அதுல நாப்பத்தொண்ணு மட்டும் இல்ல. தோ, அந்தப் பாற இடுக்குல நிக்கிது. மம்பட்டி உள்ள போவல." குரலைத் தாழ்த்தினார். "நம்பர் கட்டிக்கினு இருக்குதே, யாரோ வளக்கறாங்கன்னு சொன்னேன். மேஸ்திரி எங்க கேட்டாரு? நீங்களும் ஒரு போர்டு வெச்சிருக்கலாம்ல?"

ஆராய்ச்சி இதழ்களில் அந்தச் சரிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுதியவன் நான். அங்கே தமிழில் ஒரு வரி எழுதி வைக்கத் தோன்றவில்லை. அந்த அம்மா மேல் கோபப்பட ஆசையாக இருந்தது, நியாயம்தான் கிடைக்கவில்லை.

அதற்குள் தலைவருக்கும் அந்தப் பாறை கண்ணில் பட்டுவிட்டது. "சாரு அங்க நட்டா போட்டோவுல பின்னாடி மல நல்லா வுழும். கடப்பாறய எட்த்தா, அந்தச் செடியத் தள்ளிட்டு ஒரு குழி போடு!"

நான் போய் நாற்பத்தொன்றுக்கு முன்னால், பாறையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"எந்திரிங்க சார், பேண்டெல்லாம் மண்ணாவுது."

"ஆவட்டும்."

"போட்டோக்காரர் காத்துக்கினு இருக்காரு சார்!"

"அவரையும் உட்காரச் சொல்லுங்க."

அந்த அம்மா சத்தமாகச் சிரித்தார். தலைவர் வேறொருவரை நட வைத்தார். வேன்கள் கிளம்பும்வரை நான் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போய், எழுந்திருக்கவும் முடியவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு கன்றை எதனோடு ஒப்பிடுவது? ஆராய்ச்சி முடிந்தது. இருந்தும் மாதாமாதம் போய் அளக்கிறேன். அவர்கள் விட்டுப்போன பேனரை அன்றே அந்த அம்மாவும் நானும் பாறையைச் சுற்றிக் கட்டிவிட்டோம். அதன் வெள்ளைப் பின்பக்கத்தில், அவர் சொன்ன வார்த்தையையே கொஞ்சம் திருத்தி எழுதினேன்: இதை வளர்க்கிறோம், வெட்டாதீர்கள்.

முன்பக்கத்தில் இருக்கும் நான், கன்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.