ஏலக்காய் டீ

மாலை நான்கு பத்துக்கு, பிரிக்பீல்ட்ஸ் கடையில் பாதி டீயைக் குடித்த பிறகுதான் அதில் ஏலக்காய் இருப்பது உறைத்தது. நான் குடியை விட்டுப் பத்து மாதம். என் குடியால் பேச்சை நிறுத்திய மகள் இன்றுதான் பார்க்க வருகிறாள்.

கிள்ளானில் என் அப்பா கள்ளு வாசத்தை மறைக்க ஏலக்காய் மென்றபடி வீட்டுக்கு வருவார். "போய் அப்பாவக் கட்டிப்பிடிச்சிட்டு வா," என்று அம்மா என்னை அனுப்புவார். மோந்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்று பொய் சொல்வேன். வளர்ந்து நானும் ஏலக்காய் மென்றேன். என் மகளும் அவள் அம்மாவிடம் அதே பொய்யைச் சொன்னாள்.

வாயைக் கொப்பளித்தும் வாசம் போகவில்லை. உண்மையைச் சொன்னால் நம்புவாளா? முருகா, என்றேன்.

மகள் வந்தாள். நான் விலகி நின்றேன். அவளே வந்து கட்டிக்கொண்டாள்.

"டீயில போட்டதும்மா," என்றேன்.

"தெரியும்பா. எனக்கும் ஒண்ணு சொல்லுங்க லா."