கற்பூரம் அணைக்க மாட்டேன்னு நின்னேன்

"மாட்ட நீதான் கொன்ன! இல்லேன்னா கோயிலுக்கு வந்து கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு!"

பக்கத்துக் காம்பரா கமலாக்கா லயமே கேக்கக் கத்தினாங்க. நாவலப்பிட்டிக்கு மேல தேயிலைத் தோட்டத்து லயன் வீடுங்க, ஒரே செவருக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. அவங்க பசு என் போஞ்சிக் கொடிய மேஞ்சுச்சு, நான் ஏசினேன். ரெண்டு நாள்ல பசு செத்துப் போச்சு. களை சாகடிக்கிற புல்லு மருந்த நான் அதுக்கு வச்சிட்டேனாம்!

நான் வேதக்காரி. சத்தியமே பண்ண வேணாம்னு இயேசு ஆண்டவர் சொல்லியிருக்காரு. லயத்துல அது யாருக்குப் புரியும்? "செய்யாதவளுக்கு என்ன பயம்?"னு பீலிக்கரையில தண்ணி பிடிக்கிறப்போ பேச்சு. எங்க வீட்டுக்காரரே, "ஒரு கட்டி கற்பூரம்தானே, அணைச்சிட்டு வா"ன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

தூக்கமே இல்ல. அடுப்புல சோறு கருகும், நான் வாசல்ல நடந்துக்கிட்டு இருப்பேன். வழக்குன்னு கண்டிக்கு அலைஞ்சா வயசாயிரும்னாங்க. பொலிஸ்ல முறைப்பாட்ட எழுதிக்கிட்டு, ரெண்டு பக்கத்தையும் பேசித் தீக்கிற மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லிட்டாங்க. செபமாலையப் பிடிச்சா செபமும் ஒழுங்கா வரல. "ஆண்டவரே, அந்தப் பொம்பள வாய அடைங்க." அவ்வளவுதான் வந்துச்சு.

ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்துல சபை கூடுச்சு. மூணு மத்தியஸ்தர்கள். கமலாக்கா கற்பூரத்தோடயே வந்துட்டாங்க! "இவ இங்கயே அணைக்கட்டும்"னு மேசையில வச்சாங்க.

நடுவுல இருந்தவரு கடை வச்சிருக்கிற முஸ்லிம் நானா ஒருத்தரு. கமலாக்காவப் பாத்து அமைதியா கேட்டாரு: "சரி தங்கச்சி. மருந்து வச்சதக் கண்ணால பாத்தேன்னு மொதல்ல நீங்க அணைங்களேன்."

கமலாக்கா கற்பூரத்த எடுத்தாங்க. திரும்ப மேசையிலயே வச்சுட்டாங்க.

"பாக்கலங்க. அம்மன் மேல நான் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன்"னு சொல்லி ஓன்னு அழுதுட்டாங்க. "அந்தப் பசுவ வச்சுத்தான் எம்பொழப்பு ஓடுச்சு."

போன உசிரு எனக்குத் திரும்பி வந்துச்சு. வாய அடைக்கச் சொன்னேன். ஆண்டவரு அந்த வாயாலயே உண்மையச் சொல்ல வச்சாரு. அதுவும் அவங்க சாமி பயத்த வச்சே! பீலிக்கரையில எல்லாருக்கும் முன்னால என்மேல குத்தமில்லன்னு சொல்ல ஒத்துக்கிட்டாங்க. நான் போஞ்சிக்கு வேலி போட ஒத்துக்கிட்டேன். பசு எதனால செத்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஆண்டவருக்கு நன்றி. அன்பானவங்களே, பக்கத்து வீட்டோட மனத்தாங்கலா? வழக்குக்கு ஓடாதீங்க. அவர நம்பி, உக்காந்து பேச ஒரு எடம் கேளுங்க. எதிராளிக்கும் சேத்துக் கேளுங்க, எனக்கு அது அப்பத் தெரியல.

இப்ப தெனமும் ஒரு செபம் சொல்றேன். கமலாக்காவுக்கு ஒரு பசு கெடைக்கணும். நீங்களும் எங்கூட வேண்டிக்கிருங்க.