கொல்லைக்குப் போன நேரம்

யாரிடமும் கேட்காமல் நான் போகக்கூடிய இடமாக இருந்தது கொல்லை ஒன்றுதான். காரைக்கால் பக்கத்தில் எங்கள் ஊரான குரும்பகரத்தில் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்னால் கிணறு, வாழை, முருங்கை எல்லாம் சேர்ந்த இடம். ஆனால் “கொல்லைக்குப் போயிட்டு வரேன்” என்றால் விஷயம் வேறு. வேலிப் படலைத் திறந்து, வரப்பில் நடந்து, வாய்க்காலை ஒட்டிய கருவைக்காடு வரைக்கும் போக வேண்டும். எங்கே, எதற்கு என்று எந்த ஆண்பிள்ளையும் குறுக்கே கேட்க முடியாத ஒரே பதில் அது.

எழுபதுகளின் கடைசியில், ஒன்பதாவது படிக்கும்போது வயசுக்கு வந்தேன். அப்பா இல்லை. காரைக்காலில் ஆபீஸ் வேலை பார்த்த அண்ணன் வைத்ததுதான் சட்டம். “படிச்சது போதும்” என்று புத்தகப் பையைப் பரணில் தூக்கிப் போட்டான். வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது. சோறு வேண்டாமென்று படுத்துக் கிடந்தேன். “பட்டினி கெடந்தா ஒடம்பு எளைக்கும், அவ்வளவுதான்” என்றான். அவனைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் என்னோடு படித்தவள். அவளை யாரும் நிறுத்தவில்லை. பொழுது சாய்ந்ததும் பெண்கள் கூட்டமாகக் கருவைக்காட்டுக்குப் போவோம். நாங்கள் இருவரும் கொஞ்சம் தள்ளிக் குந்திக்கொள்வோம். அன்றைய பாடத்தை அவள் சொல்வாள், நான் திருப்பிச் சொல்வேன். எஸ்.எஸ்.எல்.சி.யை எப்படியாவது பிரைவேட்டாக எழுதிவிட வேண்டும் என்பது என் திட்டம். சரித்திரமும் தமிழும் வாயாலேயே வந்துவிட்டன. கணக்குதான் இருட்டில் வரவில்லை.

ஒருநாள் அவள் சொன்னாள். “கொல்லைன்னா அந்தக் காலத்துல காட்ட ஒட்டுன நெலமாம். வரகும் தினையும் வெளையுமாம். தமிழய்யா சொன்னாரு.”

“அப்ப நாம தினை வெளைஞ்ச நெலத்துலதான் குந்தியிருக்கோம்” என்றேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வேலியடைத்த பின்பக்கம் என்று நான் நினைத்திருந்த சொல்லுக்குள் ஒரு காட்டு நிலமே இருந்திருக்கிறது. அன்றைக்கு வீடு திரும்பவே மனசில்லை.

அம்மாவும் கூட்டத்தோடு வருவாள். அவளுக்கு மூட்டுவலி. உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். பகலெல்லாம் அடக்கி வைத்துக்கொண்டு இருட்டுக்குக் காத்திருப்பாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. ஒன்றும் கேட்டதில்லை.

அடுத்த தையில் அண்ணன் கொல்லையில் கக்கூஸ் கட்டினான். எங்கள் தெருவில் அதுதான் முதல். கக்கூஸ் என்பது டச்சுக்காரர்களின் சொல் என்று பின்னாளில் ஓர் அகராதியில் பார்த்தேன். நாகப்பட்டினத்தில் இறங்கியவர்கள் விட்டுப்போனதாக இருக்கும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊருக்குள் அது யாரையும் கேட்காமல் நுழைந்திருக்கிறது. எனக்கு அந்தச் சொல்லின் மேல் பொறாமையாக இருந்தது.

“இனிமே நம்ம வீட்டுப் பொம்பளைங்க இருட்டுல வெளிய போவ வேணாம். கௌரவமா இருக்கலாம்” என்று சொல்லி அண்ணன் படலைக் கம்பி போட்டுக் கட்டினான். ஊரே அவனை மெச்சியது. அவன் செய்தது நல்ல காரியம் என்பதால் என்னால் வாய்திறந்து திட்டவும் முடியவில்லை. பொழுது சாயும்போது வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண் வேண்டுமென்றே இருமுவாள். சுண்ணாம்பு வாடை போகாத அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்து அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே அழுதேன்.

நான்கைந்து நாள் போயிருக்கும். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள். “தம்பி, எனக்கு அந்த ரூமுக்குள்ள வரமாட்டேங்குது. நான் பழயபடி கொல்லைக்கே போறேன்.”

“ஊரு சிரிக்கும்மா.”

“சிரிச்சிட்டுப் போவட்டும். வவுறு உப்பிக் கெடந்தா ஊரா வந்து பாக்கும்? காலு முடியல. பாப்பா தொணைக்கு வரட்டும்.”

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கம்பியை அவிழ்த்துவிட்டான். கட்டின கக்கூசை விட்டுவிட்டுக் காட்டுக்கு வருகிறாளே என்று தெருப் பெண்கள் அம்மாவைக் கேலி செய்தார்கள். அம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். பட்டிக்காட்டு வயிறு, பழகவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

பின்னால் பரீட்சை எழுதித் தேறியது தனிச் சண்டை. அதற்கு முந்தைய ஒரு நடுப்பகலைத்தான் சொல்ல வேண்டும். அண்ணன் ஆபீசில் இருந்தான். துணி காயப்போடக் கொல்லைக்குப் போனேன். கக்கூஸ் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு, சுவரைப் பிடித்தபடி அம்மா வெளியே வந்தாள்.

என்னைப் பார்த்ததும் நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னிக்கு வெளிச்சம் இருக்கும்போதே போயிருவோம்” என்றாள். “கணக்குப் புஸ்தகத்தப் பரண்லேர்ந்து எறக்கி அரிசிப் பானைக்குப் பின்னால வச்சிருக்கேன்.”