அகலப் பல்

பாறையும் வெட்டிய மரங்களின் தூருமாகக் கிடக்கும் காட்டு நிலத்தை டிராக்டரால் சுத்தம் செய்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. ஒரு கூழாங்கல்லைக்கூட விட்டுவைக்க மாட்டார் என்பதால் ‘சல்லடை’ என்றே பெயராகிவிட்டது. டிராக்டரின் முன்னால் மாட்டிக் கல் அள்ளும் பழைய இரும்புப் பல் வாளி இனி வெல்டிங்குக்கு அடங்காது என்றானதும், மனைவியோடு கடைக்கு வந்தார். அவர் கை தானாகவே நெருக்கப் பல் வைத்த கனத்த வாளிக்குத்தான் போனது.

“பல்லு சந்துல மண்ணு கொட்டிடும், கல்லு ஒண்ணு தப்பாதுண்ணே” என்றார் கடைக்காரர்.

“பல்லுக்கு நடுவுல கல்லு சிக்கிக்கிட்டா?” என்று மனைவி கேட்டாள்.

“இறங்கி கடப்பாரையால நெம்பணும்க்கா. இடைவெளி விட்ட அகலப் பல்லுல அந்தத் தொல்லை இல்ல. ஆனா பொடிக்கல்லு நிலத்துலயே நின்னுடும்.”

அவள் கணவனின் முழங்காலைப் பார்த்தாள். வண்டியை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது அவளுக்குத் தெரியாதா என்ன?

“நிக்கட்டும். நிலத்துக்காரங்களுக்கும் குனிஞ்சு பொறுக்கத் தெரியும்.”

சல்லடை நெருக்கப் பல்லை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். பிறகு அங்கிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, அகலப் பல்லைக் கைகாட்டினார்.

“அதையே மாட்டுங்க தம்பி. ஊரு எனக்கு வேற பேரு வச்சுக்கட்டும்.”